யூத இனப்படுகொலையின் ஆவணங்களை வாசிப்பது எப்படி

"29.10.41, காவென், ஒன்பதாம் கோட்டை. யூத ஆண்கள் 2,007. யூதப் பெண்கள் 2,920. யூதக் குழந்தைகள் 4,273. மொத்தம் 9,200." இந்த வரியோடு அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் இருக்கிறது: "தேவைக்கு மிஞ்சிய யூதர்களை அகற்றி கெட்டோவைத் துப்புரவு செய்தல்." கெட்டோ என்பது யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி. எழுதியவர் கார்ல் யேகர். லித்துவேனியாவில் யூதர்களைச் சுட்டுக் கொன்ற நாஜிப் படைப்பிரிவு ஒன்றின் தலைவர் அவர். 1941 டிசம்பர் 1ஆம் தேதி அவர் அனுப்பிய அறிக்கை ஒரு கடையின் பேரேட்டைப் போலவே அமைந்திருக்கிறது. தேதி, இடம், எண்ணிக்கை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுவந்து வைத்து, கடைசியில் 1,37,346 என்று முடித்திருக்கிறார். கொல்லப்பட்டவர்களின் பெயர் என்று ஒன்றுகூட இல்லை.

இத்தகைய தாள்கள் பலவும் இன்று இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. ஹிட்லர், ஆஷ்விட்ஸ், அறுபது லட்சம் என்ற அளவில் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் அடுத்த படியாக மூல ஆவணங்களைத் தேடிப் போகும்போது, பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. எண்களின் பெருக்கத்தில் மனம் மரத்துப் போகிறது, அல்லது அலுவலக மொழியின் வழவழப்பில் என்ன நடந்தது என்பதே பிடிபடாமல் போகிறது. இரண்டையும் தவிர்த்து எப்படி வாசிப்பது என்பதையே இங்கே சொல்ல முயல்கிறேன். அடிப்படை விதி ஒன்றுதான்: கொன்றவர் எழுதிய தாளைத் தனியாக வாசிக்கக் கூடாது. கொல்லப்பட்டவர் எழுதி வைத்த தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும்.

முதலில் காலவரிசை

ஆவணத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் காலவரிசையை எழுதிக்கொள்ளுங்கள். "இரண்டாயிரம் ஆண்டுப் பகை" என்று ஒரே கோடாக இழுத்துவிடாதீர்கள். யூதர்கள் துன்புறுத்தப்பட்ட காரணங்களும் முறைகளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. 1096இல் முதல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களைக் கொன்றபோது, ஞானஸ்நானம் பெற்றால் உயிர் பிழைக்கலாம் என்ற வழி பெரும்பாலும் திறந்திருந்தது. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றின. 1348–49இல் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தியால் ஊர் ஊராக எரிக்கப்பட்டார்கள். 1516இல் வெனிஸ் நகரம் அவர்களை ஒரு தனிப் பகுதியில் அடைத்தது. கெட்டோ என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் நடந்த கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

மதம் மாறினால் தப்பலாம் என்பதும் முழு உண்மையன்று. 1449இலேயே டொலேடோ நகரம், மதம் மாறிய யூதர்களின் வழிவந்தோர் நகரப் பதவிகளை வகிக்கக் கூடாது என்று இரத்தத்தைக் காரணம் காட்டி விதி செய்தது. அந்தச் சந்தேகம் கடல் கடந்து கோவா வரைக்கும் வந்தது. இந்திய மூலிகைகளைப் பற்றி எழுதிய மருத்துவர் கார்சியா த ஓர்தா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவர் இரகசியமாக யூதராகவே வாழ்ந்தார் என்று தீர்ப்பளித்த மத விசாரணை மன்றம், 1580இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தது.

நாஜிகள் இந்தப் பழைய வெறுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் நவீன அரசின் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். 1935 செப்டம்பரில் வந்த நியூரம்பெர்க் சட்டங்களும், அவற்றை ஒட்டி நவம்பரில் வந்த ஆணையும், ஒருவர் யூதரா என்பதை அவருடைய தாத்தா பாட்டிகளை வைத்துத் தீர்மானித்தன. அந்த நால்வரில் மூவர் யூத சமயத்தவர் என்றால், அவரே கிறித்தவராகப் பிறந்து வளர்ந்திருந்தாலும் யூதர்தான். 1938 ஆகஸ்டில் வந்த ஆணையின்படி, யூதப் பெயராக அரசு ஏற்காத பெயர் கொண்ட ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அக்டோபரில் அவர்களது கடவுச்சீட்டில் சிவப்பு 'ஜே' எழுத்து குத்தப்பட்டது. நவம்பர் 9–10 இரவில் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. ஏறக்குறைய 30,000 ஆண்கள் கைதானார்கள். அதன் பின் யூதர்களே நூறு கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்த வரிசை தெரிந்தால்தான், 1941இல் யேகர் அனுப்பிய அறிக்கை திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பது புரியும். யார் யூதர் என்ற பட்டியலைக் குமாஸ்தாக்கள் ஏற்கெனவே தயாரித்து முடித்திருந்தார்கள்.

சொற்களுக்கு ஒரு குறிப்பேடு

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஆவணத்தில் வரும் சொல்லை இடப்பக்கம் எழுதுங்கள். அந்தச் சொல் வரும் இடங்களில் உண்மையில் என்ன நடந்தது என்பதை வேறு சான்றுகளிலிருந்து அறிந்து வலப்பக்கம் எழுதுங்கள். அகராதிப் பொருளை எழுதுவதற்கு அன்று இந்த நோட்டு.

யேகர் அறிக்கையையே பாருங்கள். 25.11.41 தேதியில், அதே ஒன்பதாம் கோட்டையில், 1,159 ஆண்கள், 1,600 பெண்கள், 175 குழந்தைகள், மொத்தம் 2,934 என்று ஒரு வரி இருக்கிறது. இவர்கள் யார் என்பதற்கு அவர் தரும் விளக்கம், "பெர்லின், மியூனிக், பிராங்க்ஃபர்ட் நகரங்களிலிருந்து வந்த ஊம்சீட்லர்கள்." அகராதியில் அந்தச் சொல்லுக்கு மறுகுடியமர்த்தப்பட்டவர் என்று பொருள். ரயிலில் வந்து இறங்கிய சில நாள்களுக்குள் குழியருகே சுடப்பட்டவர்களை, சுட்டு முடித்த பிறகு எழுதிய பட்டியலிலும் அவர் குடியேறிகள் என்றே எழுதியிருக்கிறார். நான்கு நாள் கழித்து வியன்னா, பிரெஸ்லாவ் நகரத்தவர் 2,000 பேரைப் பற்றியும் அதே சொல். ஆகவே உங்கள் நோட்டின் இடப்பக்கத்தில் 'ஊம்சீட்லர்' என்று எழுதினால், வலப்பக்கத்தில் வர வேண்டியது 'ஜெர்மனியிலிருந்து ரயிலில் கொண்டுவந்து சுடப்பட்டவர்' என்பதுதான்.

இந்த மொழி தற்செயலாக அமைந்ததா என்று ஐயம் எழுந்தால், 1943 ஏப்ரலில், நாஜிகளின் எஸ்.எஸ். படையமைப்புக்குத் தலைவரான ஹிம்லரின் அலுவலகத்திலிருந்து எஸ்.எஸ். புள்ளியியலாளர் ரிச்சர்ட் கோர்ஹெருக்குப் போன கடிதம் தெளிவாக்கும். கோர்ஹெர் தம் அறிக்கையில் 'தனிச்சிறப்பு நடவடிக்கை' என்று பொருள்படும் சொல்லை யூதர்கள் தொடர்பாகப் பயன்படுத்தியிருந்தார். அந்தச் சொல் எங்கும் வரக் கூடாது என்றும், முகாம்கள் 'வழியாகக் கடத்தி அனுப்பப்பட்டார்கள்' என்று எழுத வேண்டும் என்றும் அந்தக் கடிதம் பணித்தது. மறைப்புச் சொல்லே வெளிப்படையாகிவிட்டதால் அதற்கும் ஒரு மறைப்புச் சொல் தேடியிருக்கிறார்கள். 1942 ஜனவரி 20ஆம் தேதி பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகையில் பதினைந்து அதிகாரிகள் கூடிய கூட்டத்தின் குறிப்பிலும் 'கிழக்கு நோக்கி வெளியேற்றுதல்' என்றே வருகிறது. அந்தப் பதினைந்து பேரில் பாதிக்கு மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஐரோப்பா முழுவதிலும் ஒரு கோடியே பத்து லட்சம் யூதர்கள் என்று நாடு நாடாகப் பட்டியலிட்டு, போரில் கலந்துகொள்ளாத அயர்லாந்தின் 4,000 பேரையும் அதில் சேர்த்திருந்தார்கள். வெளியேற்றப்படுவோர் வேலை செய்யும் காலத்தில் பெரும்பகுதியினர் 'இயற்கையாகக் குறைவார்கள்' என்பது அந்தக் குறிப்பின் வாசகம். மெதுவாக வாசியுங்கள். இத்தகைய வாக்கியத்தில் வினைமுற்று எது, அதைச் செய்கிறவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுவாயே இருக்காது.

எண்களைக் கூட்டிப் பாருங்கள்

எண் வந்த இடத்தில் கண்ணை ஓட்டிவிட்டுப் போகாமல், பென்சிலை எடுத்துக் கூட்டுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் ஒரு தந்தி. 1943 ஜனவரி 11ஆம் தேதி லூப்ளின் நகரிலிருந்து ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி அனுப்பிய வானொலிச் செய்தியைப் பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்துச் சங்கேதம் அவிழ்த்து வைத்திருந்தது. அன்று அதன் பொருள் யாருக்கும் பிடிபடவில்லை. லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடந்த அதை 2000ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதில் நான்கே எழுத்துகள், அவற்றுக்கு எதிரே 1942 டிசம்பர் 31 வரையிலான 'வரவு': எல் 24,733, பி 4,34,508, எஸ் 1,01,370, டி 71,355. மொத்தம் 12,74,166.

கூட்டினால் கணக்கு உதைக்கும். முதல் மூன்றும் சேர்ந்து 5,60,611. மொத்தத்திலிருந்து இதைக் கழித்தால் மீதி 7,13,555 வர வேண்டும். டி என்ற எழுத்துக்கு எதிரே இருப்பதோ 71,355. செய்தியை அனுப்பியபோதோ பதிவு செய்தபோதோ ஓர் ஐந்து விடுபட்டிருக்கிறது. நான்கு எழுத்துகளும் முகாம்களின் பெயர்கள். டி என்பது டிரெப்லிங்கா. பி பெல்செக், எஸ் சோபிபோர், எல் லூப்ளின், அதாவது மைதானெக். விடுபட்ட ஓர் இலக்கத்துக்குள் ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மறைந்து கிடந்தார்கள். முன்பு சொன்ன கோர்ஹெர் அறிக்கையில், முகாம்கள் 'வழியாகக் கடத்தி அனுப்பப்பட்டவர்கள்' என்று வரும் எண்ணும் 12,74,166தான். ஒரே எண்ணை வேறு வேறு இடங்களில், வேறு வேறு வழியாகப் பிழைத்து வந்த இரண்டு தாள்கள் சொல்லும்போது, அந்தச் சான்றின் வலு பல மடங்காகிறது.

எண் எதை எண்ணுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஹோஃப்லேவின் தந்தி இறந்தவர்களை எண்ணவில்லை, வந்து சேர்ந்தவர்களை எண்ணுகிறது. பெல்செக், சோபிபோர், டிரெப்லிங்கா ஆகிய மூன்றிலும் வந்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் சில மணி நேரத்துக்குள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள் என்பதைத் தப்பியவர்களின் சாட்சியங்களிலிருந்தும் பின்னர் நடந்த வழக்குகளிலிருந்தும் அறிகிறோம். தந்தி மட்டும் அதைச் சொல்லாது. அறுபது லட்சம் என்ற எண்ணும் ஒரே பட்டியலிலிருந்து வந்ததன்று. போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகைக் கணக்குகள், ரயில் பட்டியல்கள், கொலைப்படைகளின் அறிக்கைகள் என்று பலவற்றைச் சேர்த்து ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களது மதிப்பீடுகள் 51 லட்சத்திலிருந்து 60 லட்சத்துக்குச் சற்று மேல் வரை அமைகின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை. எப்படி எண்ணினார்கள் என்று விளக்கத் தெரிந்தவரை யாராலும் எளிதில் குழப்ப முடியாது.

மறுபக்கத்துத் தாள்கள்

இப்போது முதலில் பார்த்த வரிக்குத் திரும்புவோம். காவென் என்று ஜெர்மானியரும் கோவ்னோ என்று யூதர்களும் அழைத்த காவ்னாஸ் நகரத்தின் கெட்டோவில், யூத மன்றத்தின் செயலாளராக இருந்த ஆப்ரஹாம் டோரி இரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். மன்றத்துக்கு வந்த ஆணைகளையும் சேர்த்துப் பெட்டிகளில் வைத்துப் புதைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அக்டோபர் 29க்கு முன்னால் ஒரு 28 இருக்கிறது. அன்று அதிகாலை ஆறு மணிக்கு, கிழவர், நோயாளி, கைக்குழந்தை உள்பட ஒருவர் விடாமல் எல்லாரும் ஜனநாயகச் சதுக்கத்தில் கூட வேண்டும் என்று உத்தரவு. ஏறக்குறைய 26,000 பேர் குளிரில் நின்றார்கள். நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவின் அதிகாரி ஹெல்முட் ரவுக்கா, குடும்பம் குடும்பமாக முன்னே வந்தவர்களைக் கையசைவால் ஒரு பக்கமோ மறு பக்கமோ அனுப்பினார். எந்தப் பக்கம் உயிர் என்று நின்றவர்களுக்குத் தெரியாது. மாலைக்குள் 9,000க்கும் மேற்பட்டோர் பிரிக்கப்பட்டு, அந்த மாதத் தொடக்கத்திலேயே காலி செய்யப்பட்டிருந்த சிறிய கெட்டோவின் வீடுகளில் இரவு தங்க வைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர், அங்கேதான் இனி வாழப் போகிறோம் என்று நம்பி வீடுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். மறுநாள் காலை அவர்களை ஒன்பதாம் கோட்டைக்கு நடத்திப் போனார்கள். குழிகள் முன்கூட்டியே தயாராக இருந்தன. சுட்டவர்கள் ஜெர்மானியர் மட்டுமல்லர். லித்துவேனியத் துணைப்படையினரும் இருந்தார்கள்.

'துப்புரவு' என்ற சொல்லுக்கு உங்கள் நோட்டின் வலப்பக்கத்தில் எழுத வேண்டியது இந்தப் பத்தி முழுவதும்தான். 4,273 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். கொல்லப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் குழந்தைகள்.

போலந்தின் வார்சாவுக்கு இதைவிடப் பெரிய சேகரம் இருக்கிறது. வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளம் 1940 நவம்பரில், கெட்டோவின் வாயில்கள் மூடப்பட்ட அதே மாதத்தில், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பொருளியலாளர்கள் எனப் பலரைச் சேர்த்துக்கொண்டு ஓர் இரகசிய ஆவணக் குழுவை அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் அதற்கு 'ஓனெக் ஷபாத்', ஓய்வுநாளின் மகிழ்ச்சி, என்று பெயர். பசியைப் பற்றிய ஆய்வுகளோடு பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், ரேஷன் அட்டைகள், டிராம் சீட்டுகள், மிட்டாய்க் காகிதங்கள் வரைக்கும் சேர்த்தார்கள். எது பின்னாளில் சான்றாகும் என்று யாருக்கும் தெரியாததால் எதையும் அற்பம் என்று தள்ளவில்லை. 1942 ஆகஸ்டில், டிரெப்லிங்காவுக்கு ரயில்கள் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பகுதியைப் பத்து உலோகப் பெட்டிகளில் புதைத்தார்கள். 1943 பிப்ரவரியில் இன்னொரு பகுதி இரண்டு பால் கேன்களுக்குள் போயிற்று. பெட்டிகள் 1946 செப்டம்பரிலும் கேன்கள் 1950 டிசம்பரிலும் தோண்டி எடுக்கப்பட்டன. மூன்றாம் பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ஏறக்குறைய 60 பேர் கொண்ட அந்தக் குழுவில் போருக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் மூவர். ரிங்கல்ப்ளம் 1944 மார்ச்சில் மனைவியோடும் மகனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எந்தத் தாளை எடுத்தாலும் அது எப்படிப் பிழைத்து வந்தது என்று கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வான்சே குறிப்பு முப்பது படிகள் எடுக்கப்பட்டது; பதினாறாவது படி ஒன்றே ஜெர்மன் வெளியுறவு அமைச்சகக் கோப்புகளில் 1947இல் கிடைத்தது. மற்றவை அழிக்கப்பட்டிருக்கலாம். கொன்றவர்கள் அழிக்க நினைத்த தாளும், கொல்லப்பட்டவர்கள் காப்பாற்ற நினைத்த தாளும் இன்று ஒரே திரையில் அருகருகே திறக்கின்றன. அதனால் இரண்டையும் ஒரே கையால் எடை போட்டுவிடக் கூடாது.

புகைப்படங்களுக்கும் இதே கேள்விதான்: கேமரா யார் கையில் இருந்தது? ஆஷ்விட்ஸின் ரயில் மேடையில் ஹங்கேரிய யூதர்கள் இறங்கும் புகழ்பெற்ற படங்களை 1944இல் எடுத்தவர்கள் எஸ்.எஸ். ஆட்கள். அதே ஆண்டு அதே முகாமில், பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள் உயிரைப் பணயம் வைத்து மறைவாக எடுத்த படங்கள் நான்கே நான்கு. அவை சாய்ந்தும் மங்கியும் இருப்பதே அவை எடுக்கப்பட்ட நிலையைச் சொல்கிறது. கொல்லப்படுவதற்கு முன் ஆடை களையப்பட்ட பெண்களின் படங்களும் காப்பகங்களில் உண்டு. அவற்றைப் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்தை எடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

மறுப்பவர்களைச் சந்திக்கும்போது

இந்த வாசிப்பில் இறங்கியவர் விரைவில் மறுப்பாளர்களின் பக்கங்களிலும் போய் இடறுவார். ஆஷ்விட்ஸில் நாற்பது லட்சம் பேர் என்று முன்பு எழுதியிருந்த பலகையைப் பின்னர் மாற்றினார்கள், ஆகவே எல்லாமே பொய் என்பது அவர்களின் வழக்கமான வாதங்களுள் ஒன்று. அந்த நாற்பது லட்சம் சோவியத் அரசு தந்த எண். ஆய்வாளர்கள் கணக்கிட்ட அறுபது லட்சம் அதன் மேல் நிற்கவே இல்லை. ஆஷ்விட்ஸில் இறந்தோர் ஏறக்குறைய 11 லட்சம், அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள் என்பது இன்றைய கணக்கு. பிரிட்டிஷ் எழுத்தாளர் டேவிட் இர்விங், தம்மை மறுப்பாளர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது தொடுத்த அவதூறு வழக்கில் 2000 ஏப்ரலில் தோற்றார். அங்கே வென்ற முறையும் எளிமையானது: அவர் தம் நூல்களில் காட்டிய ஒவ்வொரு மேற்கோளையும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டு, எங்கே திரித்தார் என்று காட்டினார்கள். நீங்களும் விவாதத்தில் குரலை உயர்த்த வேண்டாம். மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒரு சொல். 'ஜெனோசைட்' என்பது போலந்து யூதரான சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் உருவாக்கிய சொல். 1948 டிசம்பர் 9ஆம் தேதி ஐ.நா. உடன்படிக்கையில் சட்டப் பொருள் பெற்றது. அதை இனப்படுகொலை என்றோ இன அழிப்பு என்றோ எழுதுகிறோம். இரண்டில் எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள். ஈழத்தின் வலியைச் சுமந்தவர்கள் இந்த ஆவணங்களை வாசிக்கும்போது தங்கள் நினைவுகளும் எழுவது இயல்பு. எந்தத் துயரம் பெரியது என்று அளந்து ஒப்பிடாமல், இரண்டையும் அவற்றின் ஆவணங்களைக் கொண்டே அறிவது நல்லது. கண்டிப்பான தலைமையாசிரியரை 'ஹிட்லர்' என்று அழைக்கும் நம் வழக்கத்தையும் இந்த வாசிப்புக்குப் பின் தொடர மனம் வராது என்று நம்புகிறேன்.

எண்ணிலிருந்து பெயருக்கு

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலைக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஜெருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம், உறவினரும் நண்பரும் எழுதிக் கொடுத்த சாட்சியத் தாள்களிலிருந்தும் பிற பதிவுகளிலிருந்தும் திரட்டிய பெயர்ப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைத் தொகுத்த ஜெர்மன் கூட்டாட்சிக் காப்பகத்தின் நினைவேடும், நாஜிகளால் பாதிக்கப்பட்டோரின் பதிவுகளைக் காக்கும் அரோல்சன் காப்பகத்தின் பல கோடிப் பக்கங்களும் திறந்தே இருக்கின்றன. தேடும்போது ஊர்ப்பெயர்களின் எல்லா வடிவங்களையும் முயன்று பாருங்கள். காவென், கோவ்னோ, காவ்னாஸ் மூன்றும் ஒரே ஊர். வில்னா, வில்னோ, வில்னியஸ் மூன்றும் ஒரே ஊர். லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் மூன்றும் அப்படியே. ஆட்பெயர்களும் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), போலிஷ், ஜெர்மன் எழுத்துமுறைகளில் மாறி மாறி வரும். நோட்டில் மூல எழுத்துக்கூட்டலை எழுதி, தமிழ் ஒலிபெயர்ப்பை அதன் கீழே எழுதுங்கள்.

மியூனிக்கிலிருந்து 1941 நவம்பர் 20ஆம் தேதி ஏறக்குறைய ஆயிரம் பேரோடு ஒரு ரயில் புறப்பட்டது. நினைவேட்டில் மியூனிக் என்று தேடி, அந்தத் தேதியுள்ள ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். பெயர் இருக்கும், பிறந்த நாளும் ஊரும் இருக்கும், கடைசியாக வாழ்ந்த நகரம் இருக்கும். அதன் கீழே போய்ச் சேர்ந்த இடம் கோவ்னோ என்றும், இறந்த நாள் 25.11.1941 என்றும் இருக்கும். யேகர் 2,934 என்று எழுதிய வரியில் அவரும் ஒருவர். அந்தப் பெயரை உங்கள் நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பதிவைத் திறவுங்கள்.